மூடிய நொதித்தலுக்கு வீட்டு நொதிகலனை மாற்றியமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்னில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் தமிழ் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் காய்ச்சியதை மற்றவர் சுவைத்துக் கருத்துச் சொல்வோம். அந்தக் கூடல்களிலும் பிறகு தொலைபேசியிலும் ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வந்ததால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, என் அனுபவத்திலும் கணக்கிலும் தெளிவான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வாளியிலும் கண்ணாடிக் குடுவையிலும் நொதிக்க வைத்துப் பழகியவர்கள் இருக்கும் பொருளை வைத்தே எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இதில் முதன்மையானது.

ஏர்லாக் மாட்டியிருக்கிறேனே, அதுவே மூடிய நொதித்தல் இல்லையா?

நொதித்தல் வேகமாக நடக்கும் நாட்களில் அது ஏறக்குறைய மூடியதுதான். ஈஸ்ட் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு ஏர்லாக்கின் (வாயு தண்ணீருக்குள் குமிழியிட்டு வெளியேறும் சிறு அடைப்பான்) வழியே இடைவிடாமல் வெளியேறிக்கொண்டிருக்கும்போது வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கிராவிட்டி (சர்க்கரை தீரத் தீர இறங்கும் அடர்த்தி எண்) பார்க்க மூடியைத் திறக்கிறோம், மணமும் கசப்பும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் போடத் திறக்கிறோம், குளிர வைக்கும்போது ஏர்லாக் வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, கடைசியில் குழாய் போட்டு வேறு கலனுக்கு மாற்றும்போது பீர் முழுவதும் காற்றோடு உரசிக்கொண்டு போகிறது.

ஈஸ்ட் சேர்த்த பிறகு பீர் குவளைக்கு வரும் வரையில் எந்தக் கட்டத்திலும் அது வெளிக்காற்றைத் தொடாதபடி கலன், குழாய், கெக் (பீரை அடைத்து வைக்கும் எஃகுக் கலன்) ஆகிய மூன்றையும் இணைத்து வைப்பதையே மூடிய நொதித்தல் என்கிறோம். அழுத்தத்தில் நொதிக்க வைப்பது வேறு. அழுத்தம் இல்லாமலும் மூடிய நொதித்தல் செய்யலாம் என்பதை முதலிலேயே மனத்தில் கொண்டால், பின்வரும் விடைகள் பலவும் எளிதாக விளங்கும்.

காற்று பட்டால் பீருக்கு அப்படி என்னதான் ஆகிவிடும்?

ஹாப்ஸின் மணம் முதலில் மங்கும். பிறகு நிறம் மாறும். நாள் செல்லச் செல்ல நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை எழும். அந்த அட்டை வாசனைக்குப் பெரிதும் காரணமான சேர்மம் டிரான்ஸ்-2-நோனெனல். ஹாப்ஸ் மிகுதியாகப் போட்ட, ஓட்ஸ் சேர்த்த, கலங்கலான நியூ இங்கிலாந்து வகை பீர்தான் இதில் மிகவும் மென்மையானது. மாம்பழச் சாறு போன்ற மஞ்சளில் கெக்குக்குள் போன பீர், மூன்று வாரத்தில் ஆறிப்போன தேநீரின் சாம்பல் கலந்த பழுப்புக்கு மாறியதை எங்கள் கூடலில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறோம்.

எவ்வளவு காற்று போதும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 19 லிட்டர் கெக்கின் தலைப்பகுதியில் (பீருக்கு மேலே உள்ள வெறும் இடத்தில்) ஒரே ஒரு லிட்டர் காற்று அடைபட்டுவிட்டால், லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் ஆக்சிஜன் வினைபுரியக் காத்திருக்கிறது என்று பொருள். பெரிய ஆலைகள் அடைத்த பீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் வைக்கப் பாடுபடுகின்றன. இந்த இடைவெளியைப் பார்த்த பிறகுதான் நானே இதில் அக்கறை கொள்ளத் தொடங்கினேன்.

ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்கிறார்கள். நீங்களோ காற்றே ஆகாது என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி, நேரம்தான் வேறு. வோர்ட் எனப்படும் இனிப்பான மால்ட் சாறு ஆறியதும், ஈஸ்ட் சேர்க்கும் தறுவாயில், லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் இருப்பது நல்லது. ஈஸ்ட் தன் செல் சுவருக்கு உட்புறமுள்ள சவ்வைக் கட்டிக்கொள்ளத் தேவையான ஸ்டெரால்களையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் உருவாக்க அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. சில மணி நேரத்தில் அந்த ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துவிடும்.

ஆகவே காய்ச்சும் நாளில் தாராளமாகக் காற்றூட்டுங்கள். குமிழி வரத் தொடங்கிய பிறகு திறக்காதீர்கள்.

நான் சென்னைக்குத் திரும்பிய பிறகும் இதைச் செய்யலாமா?

கூடாது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆஸ்திரேலியாவில் சொந்தப் பயன்பாட்டுக்காக பீர் காய்ச்சலாம். வடித்தெடுக்க அனுமதி வேண்டும். பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு நடுவண் அரசு அளவில் இது அனுமதிக்கப்பட்டது. நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குள் நின்று செய்யுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானதுதானே? பீரின் மேல் போர்வை போலப் படுத்துக்கொள்ளாதா?

இந்தப் போர்வைக் கதையை நானும் பல ஆண்டுகள் நம்பினேன். கனமான வாயு சிறிது நேரம் கீழே தங்கும் என்பது உண்மை; ஆனால் வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்தே தீரும். மூடியைத் திறக்கும் அசைவும், கரண்டியை விடும் அசைவும், அறையின் வெப்பநிலை ஏற்ற இறக்கமும் அந்தக் கலப்பை விரைவாக்குகின்றன. மூடியைத் திறந்து மூடிய கலனின் தலைப்பகுதியில் ஆக்சிஜன் நுழைந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நொதித்தல் இன்னும் நடந்துகொண்டிருந்தால் புதிய வாயு அதைக் கழுவித் தள்ளிவிடும். முடிந்துவிட்டிருந்தால் தள்ளுவதற்கு யாரும் இல்லை.

என்னிடம் இருப்பது 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி. புதிதாக வாங்கப் பணமில்லை. எதை முதலில் மாற்றுவது?

மூடியை மட்டும் மாற்றினால் போதும். அடியில் குழாய்த் திருகு உள்ள வாளியாக இருந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. பீர் வெளியேற அதுவே வழி. மூடியில் ஒரு பால்-லாக் வாயுப் போஸ்ட்டை (குழாயின் இணைப்பானை மாட்டினால் மட்டும் திறக்கும் முனை) பொருத்திவிட்டால், வாயு வெளியேறவும் பிறகு திரும்பி வரவும் ஒரே வாசல் கிடைத்துவிடும்.

சுவர் தாண்டிப் பொருத்துவதற்கென்று மரையும் நட்டும் சிலிகான் வாஷரும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகுப் போஸ்ட்டுகள் வீட்டுக் காய்ச்சல் கடைகளில் கிடைக்கின்றன. மரையின் விட்டத்தை அளந்து, படிப்படியாக அகலும் துளைமுனையைக் கொண்டு மூடியின் சமதளப் பகுதியில், விளிம்பின் வளைவிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித் துளையிடுங்கள். மூடிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தால் பிளாஸ்டிக் கிழியாது. துளையின் ஓரத்தில் எழும் பிசிறைக் கத்தியால் சீவி எடுக்காவிட்டால் வாஷர் ஒழுங்காக உட்காராது. அந்த ஒரு பிசிறு வழியாகவே கசியும். வாஷர் உட்புறம் வர வேண்டும். நட்டைக் கையால் இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கூட்டுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் பிதுங்கிவிடும்.

மாற்றிய வாளியில் அழுத்தமும் ஏற்றலாமா? கொஞ்சமாகத்தான், ஐந்து பி.எஸ்.ஐ. போதும்.

ஏற்றவே கூடாது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மீது வெறும் ஒரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம் செயல்பட்டாலே ஏறத்தாழ 50 கிலோ விசை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. அதாவது ஒரு சிமெண்ட் மூட்டையின் எடை. ஐந்து பி.எஸ்.ஐ. என்றால் ஐந்து மூட்டை. அழுத்தி மூடும் விளிம்பு அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று.

கண்ணாடிக் குடுவைக்கு இந்த விடை இன்னும் கடுமையானது. கண்ணாடி வீங்காது, எச்சரிக்காது, உடையும். தட்டையான அடிப்பாகமுள்ள, அழுத்தத்துக்கென்று சான்றளிக்கப்படாத பிளாஸ்டிக் குடுவைகளும் மெல்லிய எஃகுக் கூம்புக் கலன்களும்கூட அழுத்தக் கலன்கள் அல்ல. உற்பத்தியாளர் கலனில் அச்சிட்டிருக்கும் எண் மட்டுமே எல்லை. எண் அச்சிடப்படவில்லை என்றால் எல்லை சுழியம் என்று கொள்ளுங்கள். இந்த ஒரு விடயத்தில் எந்த நண்பர் எவ்வளவு வற்புறுத்தினாலும் நான் இணங்குவதில்லை.

இரவு குளிரவைத்தேன், காலையில் ஏர்லாக்கில் தண்ணீரே இல்லை. எங்கே போனது?

பீருக்குள் போய்விட்டது. அதைத் தொடர்ந்து காற்றும் போயிருக்கிறது. எனக்கும் இது நடந்தது: முந்தைய நாள் வரை வெளிநோக்கி வந்த குமிழி, குளிர்பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தபோது உள்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாயு குளிர்ந்து சுருங்குவதால்தான் இப்படி என்று பலரும் சொல்வார்கள். அது சிறிய பங்கு. 20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்குக் குளிரும்போது வாயு ஆறு விழுக்காடு சுருங்கும். ஐந்து லிட்டர் தலைப்பகுதியில் அது 300 மில்லிலிட்டர்தான்.

பெரிய பங்கு பீரே விழுங்குவது. சாதாரண வளியழுத்தத்தில் 20 டிகிரியில் ஒரு லிட்டர் பீர் ஏறத்தாழ 0.85 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்திருக்கும். 2 டிகிரியில் 1.6 லிட்டர் வரை ஏற்கும். 20 லிட்டர் பீர் நாளடைவில் 15 லிட்டர் வாயுவை உள்ளிழுக்க முடியும் என்று இதற்குப் பொருள். அந்த 15 லிட்டர் எங்கிருந்து வரும் என்பதை நீங்கள் தீர்மானிக்காவிட்டால் அறைக்காற்று தீர்மானித்துவிடும். மூடியை முற்றாக அடைத்துவிடலாம் என்று நினைப்பதும் தவறு. வாளி உள்நோக்கி நசுங்கும், மூடியின் விளிம்பு பிரியும்.

வாளி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி, நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போதே அந்த வாயுவைக் கொண்டு ஒரு பெரிய அலுமினியப் படலப் பையை நிரப்பி வைத்து, குளிர வைக்கும் முன் அதைப் போஸ்ட்டில் இணைப்பது. பிறந்தநாள் விழாக்களில் தொங்கவிடும் பளபளப்பான பலூன் இதற்குப் போதும். ரப்பர் பலூன் வேண்டாம்; அதன் சுவர் வழியே வாயு ஊடுருவும். பை சுருங்கிவிடாமல் அன்றாடம் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இரண்டு பைகள் தேவைப்படும். அழுத்தம் தாங்கும் கலன் வைத்திருப்பவர்கள் கார்பன் டை ஆக்சைடு உருளையிலிருந்து இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வாயுவை இணைத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம்.

நொதிக்கும்போது வீணாகப் போகும் வாயுவைக் கொண்டே கெக்கில் உள்ள காற்றை வெளியேற்ற முடியுமா?

முடியும், இந்தத் தொகுப்பில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் வேலை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. 1.050 கிராவிட்டியில் தொடங்கி 1.012இல் முடியும் 20 லிட்டர் பீர், ஏறத்தாழ 750 கிராம் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. அறை வெப்பநிலையில் அது 400 லிட்டர். 19 லிட்டர் கெக்கை இருபது முறை கழுவும் அளவு வாயு. ஒவ்வொரு கழுவலிலும் பழைய காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதால், பத்தாவது கழுவலிலேயே ஆக்சிஜன் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு இறங்கிவிடும். உருளையில் வாங்கும் வாயு 99.9 விழுக்காடு தூய்மை என்றால் மீதி ஆயிரத்தில் ஒரு பங்கு காற்றாக இருக்கக்கூடும். ஈஸ்ட் தரும் வாயு அதைவிடத் தூய்மையானது.

கிருமிநீக்கியால் கழுவிய வெற்றுக் கெக்கை வாளியின் பக்கத்தில் வையுங்கள். மூடியின் போஸ்ட்டிலிருந்து வரும் குழாயைக் கெக்கின் திரவப் போஸ்ட்டில் இணைத்தால், வாயு நீண்ட உட்குழாய் வழியே அடிவரை போய் மேலே எழும். கெக்கின் வாயுப் போஸ்ட்டிலிருந்து இன்னொரு குழாயை எடுத்து ஒரு ஜாடிக் கிருமிநீக்கியில் முக்குங்கள். உங்கள் ஏர்லாக் இனி அதுதான். நுரை பொங்கிக் கெக்குக்குள் போய்விடாமல் இருக்க, வாளியில் கால் பங்கு இடம் விட்டு நிரப்புவதும் நடுவில் ஒரு வெற்றுப் பாட்டிலைப் பொறியாக வைப்பதும் நல்லது. கெக் நிறையக் கிருமிநீக்கியை ஊற்றி அதை வாயுவால் வெளியே தள்ளும் முறையை வாளியில் முயல வேண்டாம்: உட்குழாயின் உயரத்துக்குத் திரவத்தை ஏற்ற ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. தேவை, அது மூடிக்கு என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

வாளியிலிருந்து கெக்குக்கு மாற்றும்போது பம்ப், வாயு உருளை எதுவும் இல்லாமல் மூடியே வைத்திருக்க முடியுமா?

புவியீர்ப்பே போதும். வாளியை மேசையின் மேலும் கெக்கைத் தரையிலும் வையுங்கள். வாளியின் அடித்திருகிலிருந்து ஒரு குழாய் கெக்கின் திரவப் போஸ்ட்டுக்கு. கெக்கின் வாயுப் போஸ்ட்டிலிருந்து இன்னொரு குழாய் வாளி மூடியின் போஸ்ட்டுக்கு. பீர் ஒரு லிட்டர் இறங்கினால் கெக்கிலிருந்து ஒரு லிட்டர் வாயு மேலேறி அதன் இடத்தை நிரப்பும். வெளிக்காற்றுக்கு இந்த வளையத்தில் இடமே இல்லை.

ஒரே ஓட்டை குழாய்க்குள் ஏற்கெனவே இருக்கும் காற்று. அதற்காக, திரவ இணைப்பானைக் கெக்கில் பொருத்தும் முன், ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்து, அதன் நடுவில் உள்ள முள்ளைக் கழுவிய கரண்டிக் காம்பால் அழுத்துங்கள். திருகைத் திறந்தால் நுரையும் காற்றும் சீறி வந்து, பிறகு தெளிந்த பீர் வரும். முதலில் வருவது அடியில் தங்கிய ஈஸ்ட்டாகவும் இருக்கும் என்பதால் அரை குவளை வரை விட்டுவிட வருத்தப்பட வேண்டாம். அதன் பிறகு இணைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள். கெக்கின் வெளிச்சுவரில் பனித்துளி ஏறிவரும் கோடு பீரின் மட்டத்தைக் காட்டும்.

குழாய் எதுவாக இருந்தால் என்ன?

நிறைய வேறுபாடு உண்டு. சிலிகான் குழாய் வளைக்க எளிது, வெப்பம் தாங்கும். ஆனால் ஆக்சிஜன் அதன் சுவர் வழியே தாராளமாக ஊடுருவும். வினைல் குழாய் அதைவிட மேல். உட்சுவரில் ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள ஈ.வி.ஏ. குழாய்தான் நாள்கணக்கில் இணைந்தே இருக்கும் இடங்களுக்கு ஏற்றது. அரை மணி நேரம் நடக்கும் மாற்றத்துக்கு எது இருந்தாலும் பெரிய கேடில்லை. வாளியின் சுவரும் இதே கதைதான்: எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் வழியே ஆக்சிஜன் மெல்ல நுழையும், ஆகவே நொதித்தல் முடிந்த பீரை அதில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

பழைய கார்னி கெக்கையே நொதிகலனாக்கலாம் என்கிறார்களே?

அழுத்தம் தாங்கும் கலன் வேண்டுபவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான். குளிர்பானப் பாகு அனுப்புவதற்காகச் செய்யப்பட்ட இந்த எஃகுக் கெக்குகளுக்கு, அவற்றைத் தயாரித்த கார்னீலியஸ் நிறுவனத்தின் பெயரே சுருங்கிக் கார்னி ஆனது. பெரும்பாலானவற்றில் 130 பி.எஸ்.ஐ. என்று பொறித்திருக்கும், நமக்கு அதில் கால் பங்கும் தேவையில்லை. 19 லிட்டர் கெக்கில் 15 லிட்டர் வோர்ட் நிரப்பினால் நுரைக்கு இடம் இருக்கும். அடிவரை போகும் உட்குழாய் ஈஸ்ட்டை உறிஞ்சும் என்பதால் அதைக் கழற்றிவிட்டு, எஃகுப் பந்தில் மிதந்தபடி மேல்மட்டத்திலிருந்து பீரை எடுக்கும் மிதவைக் குழாயைப் பொருத்துங்கள்.

பலரும் அறியாத ஒன்று: இந்தக் கெக்கின் மூடி, உள்ளிருந்து அழுத்தம் தள்ளும்போதுதான் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் மீது ஒழுங்காக அமரும். அழுத்தமில்லாத நிலையில் அது கசியலாம். ஈஸ்ட் போட்டு மூடியவுடன் உருளையிலிருந்து பத்துப் பதினைந்து பி.எஸ்.ஐ. கொடுத்து மூடியை அமர்த்திவிட்டு, பிறகு வெளியேற்றிவிடுங்கள்.

ஸ்பண்டிங் வால்வை எப்போது பொருத்துவது? எவ்வளவுக்கு வைப்பது?

அடைப்பான் என்று பொருள்படும் ஸ்பண்ட் என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது இந்தப் பெயர். குறித்த அழுத்தத்தைத் தாண்டினால் மட்டும் வாயுவை வெளியே விடும் இந்த வால்வைக் கொண்டு, நொதித்தலின் கடைசிக் கட்டத்தில் வரும் வாயுவைப் பீரிலேயே கரைத்துவிடலாம். சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை, உருளையும் வேண்டியதில்லை.

கிராவிட்டி 0.001 இறங்கும்போது ஒரு லிட்டர் பீருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் வாயு பிறக்கிறது. முடிந்த பீரில் அதன் கன அளவைப் போல 2.5 மடங்கு வாயு வேண்டும், 20 டிகிரியில் ஏற்கெனவே 0.85 கரைந்திருக்கிறது என்றால், மீதிக்கு மூன்றரைப் புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001) போதும். தலைப்பகுதியையும் நிரப்ப வேண்டியிருப்பதால் இறுதிக் கிராவிட்டிக்கு நான்கைந்து புள்ளி மேலே இருக்கும்போது வால்வை மூடுங்கள். 20 டிகிரியில் 2.5 மடங்குக்கு 28 பி.எஸ்.ஐ. தேவை, 12 டிகிரியில் நொதிக்கும் லாகர் வகை பீருக்கு ஏறக்குறைய 20 போதும். அதே பீரை 4 டிகிரிக்குக் குளிர வைத்தால் அழுத்த அளவி 12 காட்டும். கசிந்துவிட்டது என்று பதற வேண்டாம், வாயு பீருக்குள் போயிருக்கிறது. உங்கள் கலனின் எல்லை 28க்குக் கீழே என்றால் அந்த எல்லைக்கு நன்றாகக் கீழே நிறுத்திவிட்டு, மீதியைக் கெக்கில் குளிர்ந்த பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள்.

தொடக்கத்திலிருந்தே அழுத்தத்தில் நொதித்தால் சுவை மாறுமா?

மாறும். கரைந்த கார்பன் டை ஆக்சைடு மிகும்போது ஈஸ்ட்டின் பெருக்கம் குறைகிறது, பழ மணம் தரும் எஸ்டர்களும் குறைகின்றன. லாகர் ஈஸ்ட்டை 18 டிகிரியில் பத்துப் பதினைந்து பி.எஸ்.ஐ. கொடுத்துச் சுத்தமான பீர் எடுப்பவர்கள் இந்தப் பண்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாழைப்பழ மணத்துக்காகவே குடிக்கும் பவேரியக் கோதுமை பீருக்கும் பெல்ஜிய வகைகளுக்கும் இது நேர் எதிரான வேலை. கந்தக வாடை வரும் ஈஸ்ட்டாக இருந்தால் முதல் சில நாட்கள் வாயுவைத் தடையின்றி வெளியேற விடுங்கள். அந்த வாடை வாயுவோடுதான் போகும்.

எல்லாம் சரி, ஹாப்ஸ் போட மூடியைத் திறக்கத்தானே வேண்டும்?

காய்ச்சும் நாளிலேயே ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டி, பைக்குள் உணவுத்தர உறையிட்ட ஒரு காந்தத்தை வைத்து, கலனின் வெளிப்புறம் இன்னொரு காந்தத்தால் தலைப்பகுதியில் பிடித்து நிறுத்திவிடலாம். வேண்டிய நாளில் வெளிக்காந்தத்தை எடுத்தால் பை விழுந்துவிடும். சில நாட்கள் இளஞ்சூட்டில் ஹாப்ஸ் தொங்குவது குறைதான். ஆனால் தலைப்பகுதியில் ஆக்சிஜன் இல்லாததால் இழப்பு சிறிதே. அது பிடிக்காதவர்கள் இறுதிக் கிராவிட்டிக்கு மூன்று நான்கு புள்ளி மேலே இருக்கும்போது விரைவாகத் திறந்து போட்டு மூடட்டும். நுழைந்த காற்றை ஈஸ்ட்டும் புது வாயுவும் பார்த்துக்கொள்ளும்.

அழுத்தத்தில் இருக்கும் பீரில் ஹாப்ஸ் போடுவதுதான் ஆபத்தானது. ஒவ்வொரு துகளும் குமிழி பிறக்கும் இடமாகி, கலன் முழுவதும் ஒரே மூச்சில் பொங்கி எழும். எங்கள் நண்பர் ஒருவர் வீட்டில் கார் நிறுத்துமிடத்தின் கூரையில் இன்றும் பச்சைக் கறை இருக்கிறது. அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெல்ல இறக்கிய பிறகே திறக்க வேண்டும். மேலும், ஹாப்ஸில் உள்ள நொதிகள் ஈஸ்ட் தின்னாமல் விட்ட டெக்ஸ்ட்ரின்களை உடைத்துச் சர்க்கரையாக்குவதால் நொதித்தல் மீண்டும் தொடங்கலாம். இரண்டு புள்ளி இறங்கினாலே முன்பு சொன்ன கணக்கின்படி லிட்டருக்கு ஒரு லிட்டர் வாயு கூடும். ஆகவே ஹாப்ஸ் போட்ட பிறகு வால்வை அகற்றி முற்றாக அடைக்காதீர்கள்.

ஸ்பண்டிங் வால்வு இருக்கும்போது தனியாகப் பாதுகாப்பு வால்வு எதற்கு?

ஸ்பண்டிங் வால்வு அடைபடும் என்பதற்காக. நுரையில் மிதந்துவரும் ஹாப்ஸ் துகளும் ஈஸ்ட்டும் போஸ்ட்டின் சிறு முள்ளைச் சுற்றிக் காய்ந்து ஒட்டிக்கொண்டால் அளவி பத்து காட்டும், உள்ளே நாற்பது இருக்கும். பாதுகாப்பு வால்வு தனி வாசலில் இருக்க வேண்டும். கலனின் எல்லைக்குக் கீழே திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காய்ச்சும் முன் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். அதை அடைத்துவிட்டு வேறு எதையாவது பொருத்துவது மன்னிக்க முடியாத தவறு.

கசிவு இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கலனைத் தண்ணீரால் ஏறக்குறைய முழுதும் நிரப்பிவிட்டு, மீதியுள்ள சிறு இடத்தில் மட்டும் அழுத்தம் கொடுங்கள். வெற்றுக் கலனில் அடைத்த வாயு ஒரு வில்லைப் போல ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். தண்ணீர் சுருங்காது என்பதால் ஏதேனும் விட்டுக்கொடுத்தாலும் வெடிப்பு இராது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தெளித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒன்றாக மெல்லப் பூக்கும் குமிழியும் கசிவே. இரவு முழுவதும் வைத்துப் பார்ப்பவர்கள், கலன் பத்து டிகிரி குளிர்ந்தால் 15 பி.எஸ்.ஐ. காட்டிய அளவி கசிவே இல்லாமல் 14க்கு இறங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அழுத்தம் தாங்கும் பெட் (PET) பிளாஸ்டிக் கலன்களை வெந்நீரால் கழுவாதீர்கள்; ஏறக்குறைய 70 டிகிரியில் அந்தப் பிளாஸ்டிக் இளகும். கீறலோ வெண்மையான விரிசல் கோடுகளோ தென்பட்டால் அந்தக் கலனை அழுத்தத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

படுக்கையறை அலமாரியில் வைத்து நொதிக்கலாமா?

மேலே சொன்ன 400 லிட்டர் வாயுவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் நீளமும் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள, காற்றோட்டமே இல்லாத அறையில் அது நான்கு விழுக்காடு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படும் அளவு அதுவே. பல நாட்களில் பரவி வருவதாலும் கதவிடுக்கு வழியே வெளியேறுவதாலும் நடைமுறையில் அவ்வளவு சேராது. ஆனாலும் தூங்கும் அறையில் வேண்டாம், வாயு உருளையையும் அங்கே வைக்க வேண்டாம்.

யார்க்‌ஷயரிலும் பவேரியாவிலும் திறந்த தொட்டியில்தானே நொதிக்க வைக்கிறார்கள்? அவர்கள் பீர் கெடவில்லையே?

நல்ல கேள்வி. யார்க்‌ஷயரின் டாட்காஸ்டரில் உள்ள சாமுவேல் ஸ்மித் ஆலை இன்றும் கற்பலகைத் தொட்டிகளில் நொதிக்க வைக்கிறது. முதல் கேள்விக்குச் சொன்ன விடையேதான் இதற்கும் விளக்கம்: ஈஸ்ட் முழு வீச்சில் இருக்கும் சில நாட்கள் தடித்த நுரையும் எழும் வாயுவும் பீரைக் காக்கின்றன. அந்த வீச்சு அடங்கும் முன் பீர் மூடிய கலனுக்குப் போய்விட வேண்டும்; சரியான தறுவாயை அறியும் பயிற்சி அவர்களிடம் இருக்கிறது. வீட்டில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து பார்க்கும் நமக்கு அந்தத் தறுவாய் தவறிவிடும்.

எல்லாவற்றையும் மூடினேன். ஆனாலும் மூன்றாவது வாரம் பீர் பழுப்பாகிவிட்டது. எங்கே தேடுவது?

கெக்கைக் காலி செய்த விதத்தில் முதலில் தேடுங்கள். உருளை வாயுவை நிரப்பி நிரப்பித் திறந்துவிட்ட கெக்கா, நொதித்தல் வாயுவால் கழுவிய கெக்கா? முன்னது என்றால், 30 பி.எஸ்.ஐ. வரை ஏற்றித் திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். நான்கு முறை செய்தவர்கள் போதும் என்று நிறுத்தியிருப்பார்கள், பத்து முறையாவது வேண்டும். அடுத்து, உருளையின் குழாயைப் புதிதாக இணைக்கும்போது அதற்குள் இருந்த காற்றை வெளியே விட்டீர்களா என்று பாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சில பத்து மில்லிலிட்டர் காற்று இப்படி நுழைந்துவிடும்.

இரண்டுமே சரியாக இருந்தால், மாதிரி எடுக்கும் பழக்கத்தைப் பாருங்கள். வாளியின் அடித்திருகிலிருந்து கிராவிட்டிக்காக 200 மில்லிலிட்டர் எடுக்கும்போது, அதே 200 மில்லிலிட்டர் காற்று ஏர்லாக் வழியே மேலே நுழைகிறது. நொதித்தல் முடிந்த பிறகு நான்கு முறை எடுத்தால் முக்கால் லிட்டருக்கு மேல் காற்றை நீங்களே உள்ளே அழைத்திருக்கிறீர்கள். மாதிரி எடுக்கும் முன் வாயுப் பையைப் போஸ்ட்டில் இணைத்துக்கொள்ளுங்கள், அல்லது கலனுக்குள்ளேயே மிதந்தபடி கிராவிட்டியை அலைபேசிக்கு அனுப்பும் கருவியைப் பயன்படுத்துங்கள். அதற்கும் பிறகு பழுப்பானால் கெக் மூடியின் ஓ-ரிங்கை மாற்றிவிட்டு, மிதவைக் குழாயின் சிலிகான் பகுதியிலும் போஸ்ட்டின் அடியிலும் உள்ள சிறு ஓ-ரிங்குகளிலும் சோப்பு நீரைத் தெளித்துப் பாருங்கள்; சென்ற மாதம் எங்கள் கூடலில் ஒருவருக்கு விடை அந்தச் சிறு ஓ-ரிங்கில்தான் கிடைத்தது.